மொறிஸ் மைனரில் கம்பனி மார்க் கிடைத்தால்: மூடுவதா, விடுவதா, திரும்ப எழுதுவதா?

பழைய காரின் பெயின்ட்டை உரிக்கத் தொடங்கினால் எங்காவது ஒரு மூலையில் எழுத்து வெளியே வரும். பின் சீற்றுக்கு அடியில் நீல மெழுகுக் குச்சியால் எழுதிய இலக்கங்கள், கதவு அட்டையின் முதுகில் சோக்கால் போட்ட சரி அடையாளம், எஞ்சின் பக்கச் சுவரில் தூரிகை தொட்டெடுத்த மஞ்சள் பொட்டு. திருகோணமலை கராஜ்களில் டிங்கர் பாஸ்மார், அதாவது தகர வேலை செய்பவர்கள், இதற்கெல்லாம் ஒரே பெயர்தான் வைத்திருக்கிறார்கள்: கம்பனி மார்க், காரைச் செய்த தொழிற்சாலையில் போட்ட குறி. பாஸின் கையில் சாண்ட் பேப்பர் இருக்கிறது. மாலைக்குள் அந்தப் பக்கத்தை முடித்து பிரைமர் என்ற அடிப்பூச்சை அடித்தாக வேண்டும். இல்லையென்றால் உரித்த தகரம் இரவோடிரவாகச் சிவந்துவிடும். "தம்பி, இதை என்ன செய்ய?" என்று அவர் கேட்டால், பதில் சொல்ல ஒரு தேத்தண்ணி குடிக்கும் நேரம்தான் இருக்கும்.

பதில்கள் நாலைந்து உண்டு. அப்படியே விட்டு மேலே ஏதாவது பூசிக் காக்கலாம். படமெடுத்துவிட்டு மூடலாம். மூடிய பின் புதுப் பெயின்ட்டில் அதே குறியைத் திரும்ப எழுதலாம். தகரத்தை வெட்டி எடுத்து வைக்கலாம். சுற்றிலும் புதிதாக அடித்து, அந்த இடத்தில் மட்டும் ஒரு ஜன்னல் விடலாம். வெளிநாட்டு வழிகாட்டிகளைப் படிக்கிறவருக்கு முதலாவதே மேலானதாகத் தோன்றும். திருகோணமலைக் கடற்கரை ஊரான உப்புவெளியில் நிற்கும் காருக்கு அந்த ஆலோசனை பாதிதான் பொருந்தும் என்பது என் கருத்து. எந்தக் குறிக்கு எந்த வழி என்பதை இங்கே தீர்மானிப்பது குறியின் மதிப்பு மட்டும் அல்ல. அது காரின் எந்த இடத்தில் இருக்கிறது, அதன் கீழே தகரம் எப்படி இருக்கிறது என்பவைதான் முதல் கேள்விகள்.

உதாரணத்துக்கு ஒரு மொறிஸ் மைனரை வைத்துக்கொள்கிறேன். 1955இல் செய்தது, இரண்டு கதவு, முன் கண்ணாடி நடுவில் பிரிந்தது, 803 சிசி எஞ்சின். திருகோணமலை உவர்மலையில் ஒரு நண்பரின் வீட்டுக் கார். 1957இல் பிரித்தானியக் கடற்படை இங்குள்ள தளத்தைக் கையளித்துப் போன காலத்தில் கைமாறியது என்று வீட்டில் சொல்வார்கள். பிரித்தானியாவில் அலெக் இசிகோனிஸ் என்ற பொறியியலாளர் வடிவமைத்து 1948இல் வெளிவந்த மைனர், 1971 வரை சுமார் 16 லட்சம் செய்யப்பட்டது. இலங்கையில் இன்னும் பல மைனர்கள் ஓடுவதற்குக் காரணம் பாசம் மட்டும் என்று நினைக்க வேண்டாம். 1977இல் இறக்குமதி திறக்கும் வரை புதுக் கார் என்பது பெரும்பாலான குடும்பங்களுக்கு எட்டாத பொருள். இருந்ததையே வெட்டி ஒட்டி, பட்டி போட்டு, மறுபடி மறுபடி பெயின்ட் அடித்து ஓட்டினார்கள். அதனால்தான் நம் ஊர்க் கார்களில் அடுக்குகள் அதிகம். எது கம்பனி எழுதியது, எது கராஜ் எழுதியது என்ற குழப்பமும் அதிகம்.

தெரிவே இல்லாத குறிகள்

தகரத்தில் அடித்தவை, வார்ப்பில் வந்தவை, கண்ணாடியில் பொறித்தவை ஆகியவற்றுக்கு இந்த விவாதம் தேவையில்லை. லூகாஸ் கம்பனி செய்த டைனமோ, ஸ்டார்ட்டர், டிஸ்ட்ரிபியூட்டர் ஆகியவற்றின் உடலில் மாதமும் வருடமும் சிறு இலக்கங்களாக அடித்திருக்கும். ட்ரிப்ளெக்ஸ் கண்ணாடியின் முத்திரையில் எழுத்துகளோடு வைத்த புள்ளிகள் அது செய்யப்பட்ட காலத்தைச் சொல்லும். காருக்குச் சில மாதம் முந்திய தேதி இருந்தால் அது காரோடு வந்த பொருள் என்று ஓரளவு நம்பலாம். இவற்றைச் சுத்தம் செய்து படம் எடுத்தால் போதும். ஒன்று மட்டும்: டைனமோவைப் பளபளப்பாக்குகிறேன் என்று வயர் பிரஷ் போட்டு இலக்கத்தைத் தேய்த்துவிடாதீர்கள்.

செசி நம்பர் தகடு வேறு சங்கதி. அதைக் கழற்றுவதோ, புதிதாக அடிப்பதோ, 'அழகாக' மாற்றுவதோ கூடாது. பதிவுப் புத்தகத்தில் உள்ள நம்பரும் காரில் உள்ளதும் ஒத்துப்போகாவிட்டால், வாகனத்தை விற்கும் நாளில் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் நிற்க வேண்டியவர் நீங்கள். பெயின்ட் அடிக்கும்போது டேப் ஒட்டி மறைத்துவிட்டு, பிறகு துணியால் துடைத்தால் வேலை முடிந்தது.

ஆனால் அந்தத் தகடே மற்றக் குறிகளைப் படிக்கச் சாவி. 1952 முதல் 1958 வரையான மைனரில் நம்பருக்கு முன்னால் மூன்று எழுத்தும் இரண்டு இலக்கமும் இருக்கும். முதல் எழுத்து 'எஃப்' என்றால் மைனர். இரண்டாவது உடலின் வகை. இரண்டு கதவுக்கு 'பி'. மூன்றாவது நிறம், 'ஏ' கறுப்பு, 'இ' பச்சை. அடுத்து வரும் இலக்கம் 2 என்றால் வலப்பக்க ஸ்டியரிங் வைத்த ஏற்றுமதிக் கார். கடைசி இலக்கம் பெயின்ட்டின் வகையைச் சொல்லும். 1 என்றால் சிந்தெடிக். உவர்மலைக் காரில் இருந்தது 'எஃப்பிஇ 21'. வெளியே அது சிவப்பு, அதன் கீழே கிரீம். கம்பனியை விட்டு வெளியேறியபோது அது பச்சை என்று சாண்ட் பேப்பரைத் தொடுவதற்கு முன்பே தெரிந்துவிட்டது. 1958க்குப் பிந்திய கார்களில் 'எம்ஏ2எஸ்3' போன்ற வேறு முறை வந்தது. அதில் நிறத்தின் எழுத்து கிடையாது. அப்படிப்பட்ட காருக்கு இங்கிலாந்தின் கேடனில் உள்ள பிரித்தானிய மோட்டார் அருங்காட்சியகத்தில் சான்றிதழுக்கு எழுதிக் கேட்கலாம். தொழிற்சாலைப் பதிவேடுகளைப் பார்த்து, செய்த நாள், அனுப்பிய நாடு, நிறம் முதலியவற்றைத் தருவார்கள்.

கம்பனியா, கராஜா?

தெரிவுகளை ஒப்பிடுவதற்கு முன் இதைத் தீர்க்க வேண்டும். அறுபது வருடத்துக்கு முன் ஏதோ ஒரு கராஜில் பெயின்டர் எழுதி வைத்த கலவைக் கணக்கைக் கம்பனி மார்க் என்று கொண்டாடுவது நடக்கிற விடயம்தான்.

சாட்சி அடுக்குதான். மறைவான ஓர் இடத்தில் ஈரமான 800 நம்பர் சாண்ட் பேப்பரால் ரூபாய்க் குற்றி அளவுக்கு வட்டமாக, நடுவில் ஆழமாகவும் ஓரத்தில் மெதுவாகவும் தேயுங்கள். வெட்டிய மரத்தின் வளையங்கள் போல ஒவ்வொரு நிறமும் வட்டமாகத் தெரியும். தின்னரில் தோய்த்த துணியாலும் சோதிக்கலாம். பிற்காலத்தில் இங்கே அடித்த என்சி (நைட்ரோசெலுலோஸ்) பெயின்ட் துணியில் கரைந்து வரும். கம்பனி சூட்டில் உலர்த்திய சிந்தெடிக் எனாமல் சுலபத்தில் கரையாது. ஆனால் இந்தச் சோதனையைக் குறிக்குப் பக்கத்தில் செய்ய வேண்டாம். மெழுகுக் குச்சி எழுத்தைத் தின்னர் ஒரே இழுப்பில் துடைத்துக்கொண்டு போய்விடும்.

பிறகு குறி எந்த அடுக்கில் இருக்கிறது என்று பாருங்கள். கம்பனி நிறத்தின் கீழே, பிரைமரிலோ வெறும் தகரத்திலோ இருந்தால் சந்தேகமே இல்லை. உவர்மலைக் காரில் டாஷ்போர்டின் பின்புறத்தில் இருந்த நீல இலக்கங்கள் அப்படிப்பட்டவை; பச்சையின் மெல்லிய தூவல் அவற்றின் மேல் படிந்திருந்தது. கம்பனி நிறத்தின் மேலே, ஆனால் இரண்டாவது நிறத்தின் கீழே இருந்தால், கம்பனியாகவும் இருக்கலாம், முதல் சொந்தக்காரரின் கராஜாகவும் இருக்கலாம். கிரீமின் மேல் இருந்தால் அது நம் ஊர்க் கை.

நம் ஊர்க் கை என்பதால் மதிப்புக் குறைவு என்று நான் சொல்லமாட்டேன். டிக்கியின் உள்மூடியில் தூரிகையால் எழுதிய பழைய ஆங்கில எழுத்து நம்பர் ஒன்று அந்தக் காரில் கிடைத்தது. நம்பர் தகட்டில் சிங்கள ஸ்ரீ எழுத்து வருவதற்கு முன் இலங்கையில் நம்பர்கள் அப்படித்தான் இருந்தன. ஸ்ரீ எழுத்துக்குத் தார் பூசிய போராட்டத்தைக் கேள்விப்பட்டு வளர்ந்த வீட்டில், அந்த நம்பரைக் கண்டதும் எழுந்த பேச்சு நீல இலக்கங்களுக்கு எழவில்லை. பிரைமரில் கிறுக்கிய இங்கிலாந்துத் தொழிலாளியின் எழுத்தைவிட அதையே முதலில் காப்பாற்றுங்கள் என்று வீட்டுக்காரர்கள் சொன்னார்கள். எனக்கும் அது சரியென்றே பட்டது.

உப்பு

திருகோணமலையில் மூன்று பக்கமும் கடல். டொக்யார்ட் வீதியிலோ உட்துறைமுக வீதியிலோ நிலாவெளியிலோ நிற்கும் காரும், கன்னியாவிலோ தம்பலகாமத்திலோ நிற்கும் காரும் ஒரே வேகத்தில் துருப்பிடிப்பதில்லை. காற்றில் வரும் உப்பு தகரத்தின் சிறு குழிகளில் போய் உட்கார்ந்தால், அது காற்றிலுள்ள ஈரத்தைத் தானே இழுத்துக்கொள்ளும். மழையே இல்லாத மாதத்திலும் துரு உள்ளே வேலை செய்வது அதனால்தான். கடற்கரைப் பக்கத்தில் உவர்க் கிணற்றுத் தண்ணீரால் காரைக் கழுவுகிறவர்கள் அந்த வேலைக்கு உதவியும் செய்கிறார்கள்.

துருவை நிறுத்த வேண்டும் என்றால் தகரம் வரை உரிக்க வேண்டும், நல்ல தண்ணீரால் உப்பைக் கழுவ வேண்டும், பொஸ்போரிக் அசிட் கலந்த துரு மாற்றியைப் பூச வேண்டும். இந்த மூன்றும் சேர்ந்தால் சோக்கோ மெழுகோ தப்பாது. சோக் தண்ணீரிலேயே போய்விடும். அசிட் பட்டால் நுரைத்துக் கரையும். ஆகவே குறிக்குக் கீழே துரு உயிரோடு இருந்தால், குறியைக் காப்பது என்றால் துருவையும் சேர்த்துக் காப்பதுதான்.

மைனரில் துரு எங்கே பிடிக்கும் என்பது ஊரறிந்தது: முன் செசிக் கால்கள், குறுக்குச் சட்டத்தின் இரு முனைகள், ஜாக் வைக்கும் இடங்கள், கதவின் கீழ்ச் சட்டம், பின் ஸ்பிரிங் மாட்டும் இடங்கள். தனிச் செசி இல்லாத கார் இது. இந்தத் தகரங்களே காரின் எலும்பு. இங்கே கிடைக்கும் குறிக்காக ஓர் அங்குலம் துருவைக்கூட விடக்கூடாது என்பதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை. படமெடுங்கள், மூடுங்கள்.

பூசிக் காப்பது, நினைப்பதைவிடக் கடினம்

காரின் உட்பக்கம், தகரம் சுத்தமாக இருக்கிறது, குறி தெளிவாக இருக்கிறது. இப்போதுதான் உண்மையான தெரிவு தொடங்குகிறது. கராஜில் எல்லோருக்கும் முதலில் வரும் யோசனை, கிளியர் என்ற நிறமில்லாத மேற்பூச்சு: "மேலே ஒரு கிளியர் அடிச்சு விடுவம்."

சோக்குக்கு இது மிக மோசமான வழி. சோக் வெள்ளையாகத் தெரிவதற்குக் காரணம் அதன் துகள்களுக்கு நடுவிலுள்ள காற்று. அந்த இடைவெளியில் கிளியர் நிரம்பினால் குறி கண்ணெதிரே மங்கிக் காணாமல் போகும். மெழுகுக் குச்சிக்குச் சிக்கல் வேறு மாதிரி: கிளியரில் உள்ள தின்னர் எழுத்தைக் கரைத்து வழியவைக்கும், தப்பிப் பிழைத்தாலும் மெழுகின் மேல் கிளியர் ஒட்டாமல் குழி குழியாக விலகும், சில வருடத்தில் உரியும். உரியும்போது எழுத்தையும் கொண்டுபோகும். பெயின்ட்டால் தொட்ட பொட்டும், மையால் அடித்த முத்திரையும் மட்டும் ஓரளவு தாங்கும். அதையும் ஓர் ஓரத்தில் சோதித்துப் பார்த்த பிறகுதான்.

அருங்காட்சியகக்காரர்கள் பாவிக்கும் பாரலொய்ட் பி-72 என்ற அக்ரிலிக் பிசின் இதைவிட நல்லது. அசிட்டோனில் கரைத்துப் பூசலாம், வேண்டாம் என்றால் அதே அசிட்டோனால் எடுத்துவிடலாம். திரும்பப் பெறக்கூடியதாக இருப்பதே அதன் பெருமை. சோக்குக்கு அதுவும் அவ்வளவாக உதவாது. மெழுகுப் பூச்சும் பலர் பரிந்துரைப்பது. ஆனால் மெழுகுக் குச்சியால் எழுதியதன் மேல் மெழுகைத் தேய்த்தால் இரண்டும் ஒன்றாகிவிடும்.

அதனால் உட்பக்கக் குறிகளுக்கு நான் சொல்வது எதுவும் பூசாமல் விடும் வழி. டாஷ்போர்டின் பின்புறம், பின் சீற்றின் முதுகுத் தகரம், கைப்பெட்டியின் உள்பக்கம்: வெயில் படாது, கை படாது, மழைத் தண்ணீர் வராது. அறுபது, எழுபது வருடம் எதுவும் பூசாமலேயே தாங்கியிருக்கிறது. கதவு அட்டை அப்படியல்ல. கண்ணாடி வழியே இறங்கும் மழைத் தண்ணீர் கதவுக்குள் ஓடி அட்டையை நனைக்கும். அட்டைக்கும் கதவுக்கும் நடுவில் பிளாஸ்டிக் தாள் ஒட்டுங்கள். அட்டை ஏற்கெனவே ஊதிப்போயிருந்தால், புது அட்டை வெட்டிப் போட்டுவிட்டுப் பழையதை வீட்டுக்குள் வையுங்கள்.

ஜன்னலும் வெட்டும்

காரை முழுவதும் புது நிறத்துக்கு மாற்றுகிறவர்களுக்கு ஜன்னல் நல்ல நடுவழி. குறியைச் சுற்றி உள்ளங்கை அளவுக்குப் பழைய பெயின்ட்டை விட்டு, ஓரத்தை மென்மையாகத் தேய்த்து, டேப் ஒட்டி மறைத்து மற்ற இடத்தை அடிப்பது. கம்பனி நிறத்தின் மாதிரியும் கூடவே மிஞ்சும். நாளைக்கு நிறம் கலக்கிறவருக்கு இதைவிடச் சான்று வேண்டாம். ஆனால் டேப்பின் பசை குறியில் படக்கூடாது. தாளை வெட்டி வைத்து அதன் ஓரத்தில் மட்டும் டேப் ஒட்ட வேண்டும். வெளிப்பக்கத் தகரத்தில் ஜன்னல் வைப்பதை நான் ஏற்கவில்லை. புதுப் பெயின்ட்டும் பழைய பெயின்ட்டும் சேரும் அந்த ஓரம்தான் உப்புக்குத் திறந்த வாசல். டிக்கியின் உட்சுவர், சீற்றுக்கு அடிப் பக்கம் என்றால் சரி.

வெட்டி எடுப்பது, தகரம் எப்படியும் கழியப்போகிறது என்ற நிலையில் மட்டும். இரும்புக்கடைக்குப் போகவிருந்த தரைத் தகரத்தில் குறி இருந்தால் அந்தத் துண்டைக் கத்தரித்து, ஓரத்தைத் தேய்த்து, உலர்ந்த இடத்தில் வையுங்கள். நல்ல தகரத்தை வெட்டிச் சுவரில் மாட்டுகிறவர்களைப் பற்றிப் பேசாமல் விடுகிறேன்.

திரும்ப எழுதுவது

அமெரிக்காவில் கோர்வெட், மஸ்டாங் போன்ற கார்களுக்குத் தொழிற்சாலைக் குறிகளைத் திரும்ப எழுதுவது ஒரு தனிக் கலையாகவே வளர்ந்திருக்கிறது. அச்சுத் தகடுகளும் முத்திரைகளும் விலைக்குக் கிடைக்கின்றன, போட்டிகளில் நடுவர்கள் குனிந்து பார்க்கிறார்கள். இங்கே அப்படி யாரும் குனிந்து பார்க்கப் போவதில்லை. அப்படியிருக்க, புதுப் பெயின்ட்டின் மேல் பழைய கையெழுத்தைப் போலிசெய்வது யாருக்காக? பத்து வருடம் கழித்து வாங்குகிறவர் அதை உண்மை என்று நம்புவார், அவ்வளவுதான் மிஞ்சும். பழைய வாகனங்களுக்கான உலகக் கூட்டமைப்பான ஃபிவாவின் டியூரின் சாசனமும், மாற்றியதை மாற்றியது என்று அடையாளம் காணும்படி வைக்கச் சொல்கிறது. எழுதித்தான் ஆக வேண்டும் என்று மனம் கேட்டால், பக்கத்தில் சிறிதாக வருடத்தையும் போடுங்கள்.

வேலைக்கான குறிகள் இதற்கு விலக்கு. இறுக்கிச் சரிபார்த்த நட்டில் பெயின்ட் பொட்டு வைப்பதும், முன் சஸ்பென்ஷனின் முறுக்குக் கம்பிகளில் இடம், வலம் என்று குறிப்பதும் தாராளமாகச் செய்யலாம். ஒரு பக்கம் முறுகிப் பழகிய கம்பியை மறுபக்கம் மாட்டக்கூடாது. அந்தக் குறி மெக்கானிக்குக்கு உதவும், யாரையும் ஏமாற்றாது.

மூடுவது தோல்வி அல்ல, பதிவு ஒழுங்காக இருந்தால்

படமெடுத்து மூடுவதை எல்லோரும் கடைசித் தெரிவாக நினைக்கிறார்கள். கடற்கரையில் வாழும் காருக்கு நான் அதைத்தான் பெரும்பாலும் முதலில் வைப்பேன். ஆனால் போனில் அவசரமாக எடுத்த ஒரு படம் பதிவு ஆகாது. நேராக ஒன்று, டோர்ச் வெளிச்சத்தைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்து ஒன்று, தூர நின்று காரில் அந்த இடம் எது என்று காட்டி ஒன்று. பக்கத்தில் ஓர் அளவுகோல் இருக்க வேண்டும். பிறகு போட்டோகொப்பிக் கடையில் கிடைக்கும், ஊடே தெரியும் ஓஎச்பி பிளாஸ்டிக் தாளை மேலே வைத்துப் பேனாவால் அளவு மாறாமல் வரைந்தெடுங்கள். சோக் மேல் தாள் படாமல் ஓரங்களில் ஏதாவது முட்டுக் கொடுங்கள். தகரத்தில் அடித்த எழுத்தென்றால் மெல்லிய தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுக்கலாம். எந்த அடுக்கில் இருந்தது என்பதையும் எழுதுங்கள். படத்தில் அது தெரியாது. எல்லாம் பதிவுப் புத்தகத்தின் பிரதியோடு ஒரே ஃபைலில் இருக்கட்டும், காரை விற்றால் அதுவும் காரோடு போகட்டும்.

கல்யாணத்துக்கு வாடகைக்கு விடும் காருக்கு இவ்வளவும் தேவையா என்று கேட்பார்கள். அந்தக் காருக்குப் பளபளப்பே சோறு. படம் எடுத்து மூடுங்கள், நேரத்தை முன் செசிக் காலில் செலவழியுங்கள். வீட்டிலேயே வைத்திருக்கப்போகும் கார், உள்நிலத்தில் கூரைக்குள் நிற்கும் கார் என்றால் ஜன்னல் வைக்கிற அளவுக்குப் பொறுமை காட்டலாம். வெளிநாட்டிலுள்ள ஒருவருக்கோ சேகரிப்பாளருக்கோ விற்கும் எண்ணம் இருந்தால், தொடாத குறியும் கேடன் சான்றிதழும் சேர்ந்து பேசும். திரும்ப எழுதிய குறி எதிராகப் பேசும்.

உவர்மலைக் காரில் டாஷ்போர்டின் பின்னுள்ள இலக்கங்கள் பூச்சில்லாமல் அப்படியே இருக்கின்றன. டிக்கி மூடியின் உள்ளே பழைய நம்பருக்கு ஜன்னல் விட்டோம். ஜாக் வைக்கும் இடத்தில் இருந்த மஞ்சள் பொட்டு படத்தில் மட்டும்.

எல்லாவற்றுக்கும் காலமும் பார்க்க வேண்டும். பங்குனியிலிருந்து ஆவணி வரை உரிக்கலாம், யோசிக்கலாம், குறியைத் திறந்து வைத்துக்கொண்டு நாலு பேரிடம் கேட்கலாம். கச்சான் என்ற தென்மேற்குக் காற்று அடிக்கும் நாட்களில் புழுதிக்கு மட்டும் மறைப்பு வேண்டும். ஒக்டோபரில் வாடைக்கால மழை தொடங்கிய பிறகு உரித்தவருக்கு ஒப்பிட எதுவும் இல்லை: படமெடுத்து, அன்றைக்கே பிரைமர்.